போர்ப்படங்களில் நிற்கும் பறவைகள்

ஓர் அரசாங்கம் புகைப்படம் எடுப்பது பெரும்பாலும் அழகை நாடியன்று. எல்லையை அளப்பதற்கும், கட்டடம் எழுந்ததைச் சான்று காட்டுவதற்கும், எதிரியின் குண்டு விளைத்த நாசத்தை மேலதிகாரிக்குத் தெரிவிப்பதற்கும், செலவழித்த பணத்துக்குக் கணக்கு ஒப்புவிப்பதற்குமே அது படம் எடுக்கிறது. காரியம் முடிந்ததும் அந்தப் படம் எண்ணிடப்பட்டு, உறையிலிடப்பட்டு, காப்பகத்தின் அலமாரிக்குப் போய்ச் சேர்கிறது. ஆயினும் காமிராவுக்கு, அதை இயக்குகிறவனுடைய நோக்கத்தை மட்டும் ஏற்று மற்றவற்றை விலக்கிவிடும் சக்தி இல்லை. அவன் கருதிய பொருளோடு, அவன் கருதாமல் அப்பொருளின் அருகே நின்ற மரத்தையும் மணலையும் பறவையையும் அது பேதமின்றிப் பதிந்துவிடுகிறது. அரை நூற்றாண்டு கழித்து அப்படத்தை எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியாளனுக்கு, வேண்டாமலே வந்து விழுந்த அந்தப் பகுதி சில சமயம் முதன்மையான ஆதாரமாகிவிடுகிறது. இதனை விளக்குவதற்கு, வட பசிபிக் சமுத்திரத்தில் ராணுவமும் பறவைகளும் ஒரே மணலைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்த மிட்வே தீவைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஹவாய்த் தீவுச் சங்கிலியின் வடமேற்குக் கோடியை நெருங்கி, ஹொனலூலு நகரிலிருந்து சுமார் 2,100 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ வட்டமான ஒரு பவழத் திட்டின் உள்ளே மணல் தீவு, கிழக்குத் தீவு, ஸ்பிட் தீவு என மூன்று நிலத்துண்டுகள் கிடக்கின்றன. மூன்றையும் கூட்டினாலும் விஸ்தீரணம் சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான். இந்தச் சிறு நிலத்தில்தான் உலகத்து லேசான் அல்பட்ராஸ் பறவைகளில் 70 சதவீதத்துக்கு அருகிலும், கருங்கால் அல்பட்ராஸ்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டுகின்றன. இறக்கைகளை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறக்குறைய 2 மீட்டர் அகலமுள்ள இப்பறவைகள், ஆண்டின் பெரும்பகுதியைக் கடல்மேலேயே கழித்துவிட்டு, நவம்பர் மாதத்தில் நிலத்தை நாடி வருகின்றன. ஒரு ஜோடி ஒரே முட்டை இட்டு, இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாத்து, ஜனவரி பிப்ரவரியில் வெளிவரும் குஞ்சை ஜூலை மாதம்வரை ஊட்டி வளர்க்கிறது. இந்தக் காலக் கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் ஒரு புகைப்படத்தின் பொருளைத் துலக்குவதற்கு அது இன்றியமையாதது.

1859-ஆம் ஆண்டில் ஒரு கப்பல் தலைவரின் கண்ணில் பட்டு, 1867-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலாகிய லாக்கவானாவின் தலைவர் வில்லியம் ரெனால்ட்ஸ் என்பவரால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உடைமையாக அறிவிக்கப்பட்ட இத்தீவு, அதன் பின்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழக் கவனிப்பாரற்றே கிடந்தது. 1903-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களால் அதன் விதி மாறியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு, மிட்வே, குவாம் வழியாக மணிலாவரை கடலடித் தந்தி வடம் போட்ட கம்பெனி அங்கே ஒரு நிலையம் அமைத்தது ஒரு காரணம். இறகு வியாபாரத்துக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்களைப் பற்றிய புகார்கள் வந்ததன்பேரில், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தீவைக் கடற்படையின் ஆட்சியில் வைத்தது மற்றொன்று. மறு ஆண்டு சுமார் 20 கடற்படைக் காவல் வீரர்கள் அங்கே நிறுத்தப்பட்டார்கள். ஆகவே, மிட்வேயில் ராணுவச் சீருடை முதன்முதலில் காலூன்றியதற்குப் பறவைகளின் பாதுகாப்பும் ஒரு காரணமாக இருந்தது என்பது சரித்திரம் தெளிவாகக் காட்டும் உண்மை. பிற்காலத்துப் படைத்தளத்தை மட்டும் அறிந்தவர்கள் இந்தத் தொடக்கத்தை நினைவிற் கொள்வதில்லை.

அந்தக் காலத்து இறகு வேட்டை எத்தகைய கொடுமையாக இருந்தது என்பதை, மிட்வேக்குச் சுமார் 600 கிலோமீட்டர் தென்கிழக்கேயுள்ள லேசான் தீவின் கதை உணர்த்தும். 1909-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் இந்த வடமேற்குத் தீவுகளை, மிட்வே நீங்கலாக, பறவைகளின் சரணாலயமாக அறிவித்திருந்தும், 1910 ஜனவரியில் தெடிஸ் என்ற அரசாங்கக் கப்பல் அப்பகுதிக்குச் சென்றபோது, 23 வேட்டைக்காரர்களையும், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பறவை இறக்கைகளையும் கைப்பற்றியது. 1911-இல் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோமர் டில் தலைமையில் ஒரு குழு அங்கே சென்றது. அதன் அறிக்கையை அமெரிக்க விவசாய இலாகா புகைப்படங்களோடு வெளியிட்டது. பறவைகள் நிறைந்திருந்த இடம் எலும்புகள் நிறைந்த இடமாக மாறிக் கிடந்ததை, சொல்லால் விவரித்தால் மிகையென்று கருதக்கூடிய வாசகனும் மறுக்க முடியாதபடி, எதிரே வைக்கக்கூடிய சாதனமாகப் புகைப்படம் அப்போது பயன்பட்டது. இயற்கையைக் காக்கும் பொருட்டு அரசாங்கம் புகைப்படத்தைச் சான்றாக்கிய ஆரம்ப நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

1923-ஆம் ஆண்டு டானேஜர் என்ற கடற்படைக் கப்பல், கண்ணிவெடிகளை அகற்றும் தன் தொழிலை விட்டு, அலெக்ஸாண்டர் வெட்மோர் என்னும் பறவை நூல் வல்லுநரின் தலைமையில் ஒரு விஞ்ஞானக் குழுவை ஏற்றிக்கொண்டு இத்தீவுகளுக்குப் புறப்பட்டது. விவசாய இலாகாவின் உயிரியல் ஆய்வுப் பிரிவும், ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகமும், கடற்படையும் கூடி நடத்திய யாத்திரை அது. இருபது ஆண்டுகளுக்கு முன் லேசான் தீவில் கொண்டுவந்து விடப்பட்ட முயல்கள் பெருகி, பச்சை என்று சொல்லத்தக்க அனைத்தையும் தின்று தீர்த்துவிட்டமையால், குழுவினர் கண்டது மணற்காடாகிவிட்ட ஒரு நிலம். அந்நிலத்துக்கே உரிய சிவந்த தேன்குருவி இனத்தில் மூன்று பறவைகளே எஞ்சியிருந்தன. குழுவில் இருந்த டொனால்ட் டிக்கி, அவற்றில் ஒன்று பாறைமேல் அமர்ந்து பாடுவதைச் சலனப்படத்தில் பதிந்தார். சில நாட்களில் வீசிய மணற்புயலுக்குப் பிறகு அந்த இனம் உலகத்தில் இல்லை. டிக்கியின் சலனப்படத்தில் ஒலியில்லை. வாய் திறந்து பாடுவது தெரிகிறது, பாட்டுக் கேட்பதில்லை. ஓர் உயிரினத்தின் முழு வாழ்வுக்கும் எஞ்சிய காட்சிச் சான்று சில விநாடிப் படச்சுருளாகச் சுருங்கிவிட்டது என்பதை எண்ணும்போது, காப்பகத்தைத் தூசி படிந்த கிடங்கென்று பேசும் வழக்கம் எத்தனை பேதைமையானது என்று தோன்றுகிறது.

இதற்கிடையே மிட்வேயின் உருவமே மாறிக்கொண்டு வந்தது. தந்திக் கம்பெனியின் வருகைக்கு முன் மணல் தீவு, பெயருக்கு ஏற்பக் கண் கூசும் வெண்மணல் மேடுகளாய், நிழல் இல்லாத நிலமாய்க் கிடந்தது. கம்பெனியார் ஆயிரக்கணக்கான டன் மேல்மண்ணைக் கப்பலில் ஏற்றி வந்து பரப்பி, காய்கறித் தோட்டம் போட்டு, காற்றைத் தடுப்பதற்கு மரங்களை நட்டார்கள். அவர்கள் நட்டவற்றில் முதன்மையானது, நமது சோழமண்டலக் கரையோரத்து மணல்வெளிகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் அதே சவுக்கு. பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு, சவுக்கு மரத்தின் வளர்த்தியே காலத்தை அளக்கும் கருவியாகிறது: மரமில்லாத மணல், இளங்கன்றுகளின் வரிசை, கூரைகளை மிஞ்சிய தோப்பு என்று, குறிப்பெதுவும் எழுதப்படாத படத்தையும் ஏறத்தாழ அதன் காலத்தில் வைத்துவிட முடிகிறது. நிலையத்தையும் அதன் பணியாட்களையும் காட்டுவதற்கென்று எடுத்த படங்கள், ஒரு தீவின் தாவர வாழ்க்கை மாறிய கதைக்குச் சாட்சி சொல்கின்றன.

1935-இல் பசிபிக்கைக் கடக்கும் பான் அமெரிக்கன் விமானங்கள் இங்கே தங்கிச் செல்லத் தொடங்கின. 1940-இலிருந்து கடற்படை விமானத் தளம் விரைவாக எழுந்து, 1941 ஆகஸ்டில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் தேதி வானிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படம் அமெரிக்கத் தேசியக் காப்பகத்தின் கடற்படைத் தொகுதியில் இருக்கிறது. முன்னால் கிழக்குத் தீவு. அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை முக்கோணமாக ஒன்றையொன்று வெட்டும் விமான ஓடுபாதைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கால்வாய்க்கு அப்பால் மணல் தீவு; கட்டடங்களும் தொட்டிகளும் அங்கே. சுற்றிலும் அலை நுரைக்கும் பவழத் திட்டு. பாதுகாப்பு ஏற்பாடுகளின் நிலைமையைக் காட்டுவதே அதன் நோக்கம். ஆயினும் அல்பட்ராஸ்கள் கூடு கட்டத் திரும்பிவரும் மாதம் நவம்பர் என்பதை அறிந்தவன், அந்த ஓடுபாதைகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையே எஞ்சியிருந்த நிலம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பான். மனிதன் எடுத்துக்கொண்டது எவ்வளவு, பறவைக்கு மிஞ்சியது எவ்வளவு என்ற கணக்கை அப்படத்திலிருந்து இன்றும் போட முடியும்.

படம் எடுத்த பதின்மூன்றாம் நாள், பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அதே டிசம்பர் 7-ஆம் தேதி இரவில், இரண்டு ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் மிட்வேயைப் பீரங்கியால் தாக்கின. படுகாயமுற்றும் தம் நிலையை விட்டகலாமல் இறந்த லெப்டினன்ட் ஜார்ஜ் கானன், அந்த யுத்தத்தில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதுக்கு உரியவரான முதல் கடற்படைக் காவல் வீரர். ஆறு மாதங்களுக்குப் பிறகு, 1942 ஜூன் 4 முதல் 7 வரை நடந்த பெரும்போரின் விளைவை உலகம் அறியும்: அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்னும் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் சுமார் 3,000 பேரையும் ஜப்பான் இழந்தது, யார்க்டவுன் கப்பலையும் ஹம்மன் என்னும் நாசகாரியையும் 300-க்கு மேற்பட்டோரையும் அமெரிக்கா இழந்தது, பசிபிக் யுத்தத்தின் போக்கு அங்கே திரும்பியது.

அந்த ஜூன் 4-ஆம் தேதிக் காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தீவைத் தாக்கிச் சென்ற பின் எடுத்த ஒரு புகைப்படந்தான், இக்கட்டுரையின் கருத்துக்கெல்லாம் நடுநாயகமானது. மணல் தீவின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றன. கரும்புகை வானத்தை மறைத்து உருண்டெழுகிறது. தொட்டிகளுக்கு நேர்ந்த சேதத்தைப் பதிவு செய்வதே படம் எடுத்தவரின் கடமை. ஆனால் முன்னால், மணலும் புல்லும் கலந்த தரையில், மூன்று அல்பட்ராஸ் குஞ்சுகள் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் பலர் அவற்றின் அமைதியைக் கண்டு வியந்து, பறவைகள் போரைப் பொருட்படுத்தவில்லை என்று ஒரு தத்துவத்தை அதிலிருந்து வருவிக்கிறார்கள். முன்னே கூறிய காலக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் தத்துவம் நிலைக்காது. ஜனவரி இறுதியில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஜூன் தொடக்கத்தில் நான்கு மாதத்துக்குச் சற்று மேல். பறக்கும் பருவம் அதற்கு வர இன்னும் ஒரு மாதமேனும் வேண்டும். அவை நின்றது அஞ்சாமையினால் என்று சொல்லிவிட முடியாது; பறந்து போக அவற்றால் இயலாது; மேலும், இரை தேடிக் கடலுக்குச் சென்ற தாயும் தந்தையும் திரும்பிவந்து தேடும் இடம் அதுவே. அழகுணர்ச்சியோடு பார்த்தால் ஒரு விசித்திரமாகவும், பறவை நூலறிவோடு பார்த்தால் தப்பிச் செல்ல வழியற்ற உயிர்களின் நிலையாகவும் அதே படம் தோன்றுகிறது. இரண்டாவது பார்வையே மெய்யை நெருங்கியது.

அப்படத்தின் குறிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. எரிந்த தொட்டிகள், அந்நாளில் தீவின் தென்கரையாக இருந்த இடத்துக்கு அருகே நின்றவை என்று குறிப்பு சொல்கிறது. அந்நாளில் என்று ஏன் வரையறுக்க வேண்டும்? துறைமுகத்தையும் கால்வாயையும் ஆழப்படுத்தித் தோண்டியெடுத்த மண்ணைக் கரையில் கொட்டிக் கொட்டி மணல் தீவைக் கடற்படை விரிவாக்கியது. ஆகவே 1942-இன் கரை பின்னால் உள்நாடாகிவிட்டது. யுத்த சேதத்தைக் குறிக்க வந்த ஒரு வாக்கியம், நிலத்தின் வடிவம் மாறியதையும் போகிற போக்கில் அறிவித்துவிடுகிறது. அரசாங்கப் படக்குறிப்புகளை வறண்டவையென்று ஒதுக்காமல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிப்பவர்களுக்கே இத்தகைய செய்திகள் கிட்டும்.

அதே தாக்குதலின்போது, ஹாலிவுட்டின் புகழ்பெற்ற டைரக்டரும் அப்போது கடற்படை அதிகாரியுமான ஜான் ஃபோர்டு, மணல் தீவின் மின்சார நிலையக் கூரைமேல் நின்று வண்ணச் சலனப்படம் பிடித்தார். குண்டுச் சிதறலால் காயமும் அடைந்தார். அதிலிருந்து உருவான பதினெட்டு நிமிஷப் படம் அவ்வாண்டே நாடெங்கும் காட்டப்பட்டு, ஆஸ்கர் பரிசையும் பெற்றது. பிரசாரத்துக்கென்று தயாரிக்கப்பட்ட அந்தப் படத்திலும் தீவின் பறவைகள் இடம் பெற்றிருக்கின்றன. போர் முடிந்து இரண்டு வாரம் கழித்து எடுக்கப்பட்ட வேறு சில படங்களோ முற்றிலும் மாறான உணர்ச்சியை எழுப்புகின்றன. மூழ்கிய ஹிர்யூ கப்பலின் இயந்திர அறையைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்டவர்கள், மூடியில்லாத ஒரு படகில் பதினான்கு நாள் மிதந்து, ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்கக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டுக் கைதிகளாக மிட்வேயில் இறக்கப்பட்டார்கள். வெற்றிப் பெருமிதத்தை வளர்க்க எடுத்த படங்களின் நடுவே, எதிரியும் பசியும் தாகமும் உடைய மனிதனே என்பதை அந்தப் படங்கள் வாதமின்றி நிலைநாட்டுகின்றன.

புகைப்படம் காட்டியதைப் போலவே அது காட்டாததையும் ஆராய்ச்சியாளன் எண்ணிப் பார்க்க வேண்டும். லேசான் தீவுக்கே உரியதாயிருந்த, சிறகிருந்தும் பறக்கவியலாத ஒரு சிறு தரைக்கோழி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிட்வேக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே பெருகியிருந்தது. தாய்நிலத்தை முயல்கள் பாலையாக்கி, அவ்வினம் அங்கே அழிந்தபோது, மிட்வேயே அதற்குக் கடைசிப் புகலிடமாயிற்று. 1942-இல் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த காலையிலும் அத்தீவுகளின் புதர்களுக்கடியில் அது ஓடித் திரிந்துகொண்டிருந்தது. குண்டுகளை அது தாங்கிப் பிழைத்தது. 1943-இல் கடற்படைக் கப்பல்களின் வழியாக எலிகள் தீவில் இறங்கின; 1944-க்குப் பிறகு அந்தப் பறவையை எங்கும் எவரும் காணவில்லை. போர்க்காலத்துத் துறைமுகப் படங்களில் சரக்கு இறங்குவதைப் பார்க்கும்போது, பெட்டிகளையும் பீப்பாய்களையும் எண்ணும் ராணுவ ஆசிரியன், அவற்றோடு கூடவே இறங்கிய அழிவை எண்ணமாட்டான். அது எந்தப் படத்திலும் விழவில்லை. ஓர் இனத்தை முடித்துவைத்தது வெடிமருந்து அன்று, கவனக்குறைவு என்ற இந்தச் செய்தி, போர்ச் சரித்திரத்தையும் பறவைச் சரித்திரத்தையும் அருகருகே விரித்துவைத்தால்தான் புலப்படும்.

யுத்தம் ஓய்ந்த பின்பும் ராணுவம் தீவை விடவில்லை. 1950-களின் இறுதியில், சோவியத் தாக்குதலை முன்கூட்டி அறிவதற்காக, ராடார் பொருத்திய பெரிய விமானங்கள் மிட்வேயிலிருந்து வடக்கே அல்யூஷியன் தீவுகளை நோக்கி இரவும் பகலும் பறந்து காவல் செய்தன. ஓடுபாதைகளின் மேலே எழும்பும் காற்றில் மிதந்து பழகிய அல்பட்ராஸ்கள் அவ்விமானங்களில் மோதின. விமானங்கள் சேதமுற்றன, பறவைகள் மாண்டன. பாதைக்கு அருகிலுள்ள மணல்மேடுகளைச் சமப்படுத்தினால் மேலெழும் காற்று குறையும் என்று கண்டு அவ்வாறு செய்தார்கள். அதனோடு நில்லாமல் பல்லாயிரக்கணக்கான பறவைகளைக் கொன்றும் தீர்த்தார்கள். இறகு வியாபாரிகளிடமிருந்து பறவைகளைக் காப்பதற்காக எந்தக் கடற்படையிடம் தீவு ஒப்படைக்கப்பட்டதோ, அந்தக் கடற்படையே அரை நூற்றாண்டுக்குப் பின் இதனைச் செய்ய நேர்ந்தது. விமானிகளின் உயிரும் பொருட்படுத்தத்தக்கதே என்பதை மறுக்காமலே, இதனைத் துயரத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

எனினும் அதே நெருக்கடியிலிருந்துதான் இப்பறவைகளைப் பற்றிய நமது அறிவின் பெரும்பகுதி பிறந்தது. பறவைகளை அகற்றும் வழியை ஆராயும்படி கடற்படை கேட்டுக்கொள்ள, மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் உயிரியல் அறிஞர்களான கார்ல் கெனியன், டேல் ரைஸ், ஜான் ஆல்ட்ரிச், சாண்ட்லர் ராபின்ஸ் முதலியோர் தீவுக்கு வந்தனர். பறவைகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய, கெனியனும் ரைஸும் 18 லேசான் அல்பட்ராஸ்களை விமானத்தில் பசிபிக்கின் பல திசைகளுக்கும் அனுப்பிப் பறக்கவிட்டார்கள். 14 பறவைகள் மிட்வேக்குத் திரும்பிவிட்டன. வாஷிங்டன் மாநிலக் கரையிலிருந்து 3,200 மைல் கடந்து ஒரு பறவை பத்தே நாளில் வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து 4,120 மைல் கடந்து இன்னொன்று 32 நாளில் வந்து சேர்ந்தது. பிறந்த மணலை விட்டு இப்பறவைகளை எந்தப் பிரயத்தனத்தாலும் பிரிக்க முடியாது என்பதே கடற்படைக்குக் கிடைத்த விடை.

ராபின்ஸ் செய்த காரியம் இன்னும் நீண்ட பயன் தந்தது. 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் பல பறவைகளுக்குக் காலில் வளையமிட்டார். அவற்றுள் ஒரு பெட்டையின் காலில், 46 ஆண்டுகள் கழித்து, 2002-இல் அவரே மறுபடியும் வளையம் மாற்றினார். பழைய எண்களைப் பதிவேடுகளில் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான், தாம் முதலில் வளையமிட்ட பறவை அதுவென்று தெரிந்தது. விஸ்டம் என்று பெயர் பெற்று, உலகத்தில் அறியப்பட்ட காட்டுப் பறவைகளுள் மிக முதியதாகப் புகழடைந்த அப்பறவை, குறைந்தபட்சம் 74 வயதானதாகக் கணிக்கப்பட்ட நிலையில் 2024-இல் மீண்டும் முட்டையிட்டது. ராபின்ஸ் 2017-இல் காலமானார். இங்கே கவனிக்க வேண்டியது பறவையின் ஆயுளை மட்டுமன்று. விமான விபத்தைத் தடுப்பதற்கென்று தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு குமாஸ்தாவின் பொறுமையோடு எழுதி வைக்கப்பட்ட எண்கள், ஒன்றுவிடாமல் காக்கப்பட்டமையால், எவரும் எதிர்பாராத ஓர் உண்மையை அரை நூற்றாண்டுக்குப் பின் வெளிப்படுத்தின. ஆவணத்தின் மதிப்பை அது உண்டாகும் நாளில் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

1988-இல் வனவிலங்குப் புகலிடமென்ற தகுதி மிட்வேக்குக் கிடைத்தது. 1993-இல் கடற்படைத் தளம் மூடப்பட்டது. 1996 அக்டோபர் 31-ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டனின் உத்தரவால் தீவு முழுவதும் உள்நாட்டு இலாகாவின் வசமாயிற்று. அதே காலத்தில் எலிகள் அறவே ஒழிக்கப்பட்டன. வளைகளில் வாழும் போனின் பெட்ரல் என்னும் கடற்பறவை, அழியும் நிலையிலிருந்து மீண்டு திரளாகப் பெருகியது. 2000-இல் போரின் நினைவுக்குரிய தேசியச் சின்னமாகவும் அந்தப் புகலிடம் அறிவிக்கப்பட்டது. 2004, 2005-ஆம் ஆண்டுகளில் லேசான் தீவின் அருகிய வாத்தினத்தில் 42 பறவைகள் கொண்டுவரப்பட்டுக் குடியேறின. 2006-இல் ஏற்படுத்தப்பட்ட பாபஹானவுமோகுவாகேயா என்னும் மாபெரும் கடற்பாதுகாப்புப் பிரதேசத்தினுள் அமைந்து, 2010-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களில் ஒன்றாக இடம்பெற்ற பகுதியில் இன்று மிட்வேயும் அடங்கும்.

இந்த மீட்சிப் பணியில் பழைய ராணுவப் புகைப்படங்களுக்கு உள்ள பங்கு சிறிதன்று. கடற்படைக் கட்டடங்களுக்குப் பூசப்பட்ட ஈயம் கலந்த சாயம் காலப்போக்கில் உரிந்து மண்ணில் விழுந்தது. அதைக் கொத்தித் தின்ற குஞ்சுகளுக்கு நரம்பு நலிந்து இறக்கைகள் தொங்கிவிட்டன. பறக்கவியலாமல் அவை மடிந்தன. அந்த மண்ணை அகற்றிச் சுத்தம் செய்யப் பல ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது. இடிந்து மறைந்த கட்டடம் எங்கே நின்றது, எந்தத் தொட்டி எந்த மூலையில் இருந்தது, எந்த மண் இயற்கையானது, எது கொட்டப்பட்டது என்ற கேள்விகளுக்கு, வானிலிருந்து எடுத்த அந்தக் காலத்துப் படமே நேர்விடை தரக்கூடியது. குண்டு போடுபவனுக்கும் அரண் கட்டுபவனுக்கும் பயன்பட்ட வரைபடமும் படமும் குஞ்சுகளின் நோய் தீர்ப்பவனுக்கும் பயன்படுகின்றன. எந்தச் செடியை அகற்றி எதை நட வேண்டும் என்பதை முடிவு செய்வதற்கும், சவுக்குக்கு முந்திய மணலின் தோற்றத்தைப் பழைய படங்களிலிருந்தே அறிய வேண்டும்.

இவ்வளவு தொடர்புடைய சான்றுகள் காப்பகத்தில் ஓரிடத்தில் இல்லை. மேரிலாந்து மாநிலத்துக் காலேஜ் பார்க்கில் உள்ள தேசியக் காப்பகத்தில், கடற்படையின் படங்கள் 80 என்ற எண்ணுள்ள தொகுதியிலும், மீன் வனவிலங்குத் துறையின் படங்கள் 22 என்ற எண்ணுள்ள தொகுதியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த இலாகா உண்டாக்கியதோ அந்த இலாகாவின் பெயரிலேயே ஆவணத்தைக் காப்பது காப்பகக் கலையின் அடிப்படை விதி. அது நியாயமான விதி. அதைக் குலைத்தால் சான்றின் பிறப்பே தெரியாமற் போய்விடும். ஆனால் அந்த விதி காப்பவர்களுக்கு உரியது, படிப்பவர்களுக்கு உரியதன்று. கப்பலையும் பீரங்கியையும் தேடும் சரித்திரக்காரன் 80-ஆம் தொகுதியோடும், பறவையைத் தேடும் விஞ்ஞானி 22-ஆம் தொகுதியோடும் திரும்பிவிட்டால், தொட்டியின் முன் நின்ற குஞ்சை முன்னவன் அலங்காரமென்று விட்டுவிடுவான். குஞ்சின் பின்னே எரிந்த தொட்டியைப் பின்னவன் பின்னணியென்று விட்டுவிடுவான். ஒரே தீவு இரண்டு அரை உண்மைகளாகப் பிளவுபட்டுப் போகும்.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. அமெரிக்க அரசாங்க ஊழியர்கள் தம் கடமையின் பகுதியாக எடுத்த படங்களுக்கு அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை; அவை பொதுமக்களின் சொத்து. உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அவற்றைப் பார்க்கலாம், பிரதி செய்யலாம், ஆராயலாம். இந்த உரிமை முழுப் பயன் தர வேண்டுமானால், பழைய குறிப்பை அழிக்காமல், அதன் அருகே புதிய குறிப்பையும் சேர்க்க வேண்டும்: போர்ப்படத்தில் காணும் பறவையின் இனம், அதன் பருவம், செடியின் பெயர், கரையின் அன்றைய எல்லை ஆகியவற்றைப் பறவை அறிந்தவரும் தாவரம் அறிந்தவரும் எழுத வேண்டும், அவ்வாறே வனவிலங்குப் படத்தின் ஓரத்தில் தெரியும் காரைத் திட்டும் துருப்பிடித்த இரும்பும் எதன் எச்சமென்பதை ராணுவ வரலாறு அறிந்தவர் எழுத வேண்டும். அதிகாரமுள்ளவர்கள் தம் அவசரத் தேவைக்காக எடுத்த படங்களை, எதிர்காலத்தின் நிதானமான தேவைக்கு உரியவையாக்கும் வழி இதுவே. 1903-லிருந்து இன்றுவரை மிட்வேயில் மனிதன் செய்த ஒவ்வொரு காரியமும், அது போருக்காகச் செய்ததாயினும் தந்திக்காகச் செய்ததாயினும் காப்பதற்காகவே செய்ததாயினும், அங்குள்ள உயிர்களின் விதியைத் தொட்டிருக்கிறது. ஆகையால் ஒரு தீவின் ராணுவச் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர் எவரும் அதன் இயற்கைச் சரித்திரத்தை அனுபந்தமாக ஒதுக்க உரிமையற்றவர். இரண்டையும் ஒரே நூலாக எழுதும் பொறுப்பு இனி வரும் ஆராய்ச்சியாளர்களுடையது. அதற்கான ஆதாரம் எண்ணிடப்பட்டு, ஒழுங்காக, அவர்கள் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.